சின்னம் வரைந்த கை



போன நாடாளுமன்றத் தேர்தல் நேரம். குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு சுவரில் ஒரு தம்பி கட்சிச் சின்னம் வரைந்துகொண்டிருந்தார். வெள்ளையடித்த ஈரம் காய்ந்ததும் நூல் பிடித்துக் கோடு போட்டார். முழங்கை வரைக்கும் பெயின்ட். "உங்க ஓட்டு எந்த பூத்துல தம்பி?" என்று கேட்டேன். பிரஷை எடுக்காமலே சொன்னார்: "எங்களுக்கு ஏது சார் ஓட்டு? நாங்க கேம்ப்பு."

பேச்சு அப்படியே நம்ம கடலூர்ப் பேச்சு. பிறந்தது இங்கே, படித்தது இங்கே. இலங்கையை அவர் கண்ணால் கண்டதில்லை.

இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்திலிருந்து படகேறி வந்தவர்களின் முகாம்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேல். ஏறக்குறைய 58,000 பேர் அவற்றில் வாழ்கிறார்கள்; நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். 2021-இல் மாநில அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது, புது வீடுகளும் கட்டத் தொடங்கியது. மனசார வாழ்த்துகிறேன். ஆனால் அந்த வீட்டு வாசலில் எந்த வேட்பாளரும் வந்து கும்பிட வேண்டிய அவசியம் இல்லையே! தண்ணீர் வரவில்லை என்றால் மனு கொடுக்கலாம். ஏன் வரவில்லை என்று அதட்டிக் கேட்கும் தெம்பு எங்கிருந்து வரும்?

குடியுரிமைச் சட்டம் ஒரு தேதியில் நிற்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு என்றால் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், அந்த உரிமைக்கே உயர் நீதிமன்றப் படியேறி, 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் முதன்முதலாக ஓட்டுப் போட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது. அவருக்கு இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த முகாம் பிள்ளைக்கு அந்தக் கதவும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் உண்டு, இலங்கை இல்லை.

அதே 1983-இல் கனடா போய்ச் சேர்ந்த யாழ்ப்பாணத்துச் சிறுவன் ஹரி ஆனந்தசங்கரி. 2015-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார், 2023-இல் அமைச்சரானார். நாம் கைதட்டினோம். தட்டிய கை கூசவில்லையா?

சிதம்பரம் இதைப் பேசாமல் வேறு எந்த ஊர் பேசும்? யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864-இல் பள்ளிக்கூடம் வைத்த ஊர் இது. மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவிலிருந்து வந்த விபுலானந்த அடிகளை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்த்தியது. கடல் தாண்டி வந்தவரிடம் பாடம் கேட்ட ஊர் ஐயா!

போர் 2009-லேயே முடிந்ததே, போகட்டுமே என்பார்கள். போக விரும்புகிறவர்களுக்கு வழி செய்து கொடுப்போம். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை எங்கே போகும்?

கடலூர், சிதம்பரம் தொகுதிகளின் இரண்டு எம்.பி.க்களுக்கும் மனு எழுதியிருக்கிறோம்: முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கொடுக்க, வரும் கூட்டத்தொடரில் குரல் கொடுங்கள் என்று. வாசலில் மேசை மேல் இருக்கிறது. ஓட்டு இருப்பவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.