மஞ்சள் விளக்கு
(நூற்றாண்டு விழாவையொட்டிக் குருநகரில் நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய அக்கா இருதய நோய்களைப் பற்றிப் பேசினார். நான் ரொறன்ரோவில் ஒரு கராஜில் வேலை செய்கிற மெக்கானிக். காரின் அடியில் தொங்குகிற ஒரு தகரப் பெட்டியைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா குருநகர் இறங்குதுறையில் படகு எஞ்சின் திருத்தியவர் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். பாடசாலை விட்டதும் புத்தகப்பையை வீட்டில் போட்டுவிட்டு அவருக்குச் சாவி எடுத்துக் கொடுக்க ஓடுவேன். 1990களின் முற்பகுதி அது. பொருளாதாரத் தடையால் பெற்றோலைச் சின்னப் போத்தலில் அளந்து விற்ற காலம். ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் காபுரேற்றரில் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்துவிட்டு, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பின்னால் சைக்கிளில் போனவர்களுக்குக் கண் எரியும். ஆனாலும் கார் ஓடியது. அந்தக் கார்களின் புகைக்குழாயில் கெட்டுப்போகக்கூடிய பொருள் எதுவும் இருக்கவில்லை.

இன்றைய பெற்றோல் கார்களில் இருக்கிறது. அதன் பெயர் கற்றலிற்றிக் கொன்வேட்டர். இரசாயனவியல் ரீச்சர் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் எங்களைப் பாடமாக்க வைத்தது ஞாபகம் இருக்கிறதா? ஊக்கி என்பது தான் மாற்றமடையாமல் தாக்கத்தின் வேகத்தைக் கூட்டும் பொருள். அந்த ஊக்கிதான் இது. தேன்கூடு போலத் துளைகள் உள்ள ஒரு பீங்கான் கட்டி. அதன் சுவர்களில் பிளாற்றினம், பலேடியம், றோடியம் ஆகிய உலோகங்கள் சில கிராம் மட்டும் பூசப்பட்டிருக்கும். எஞ்சினிலிருந்து வருகிற காபனோரொட்சைட்டைக் காபனீரொட்சைட்டாகவும், எரியாத ஐதரோகாபன்களைக் காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும், நைதரசன் ஒட்சைட்டுகளை நைதரசனாகவும் மாற்றிவிடும். ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் சூடேறினால்தான் அது வேலையைத் தொடங்கும்.

பிரான்சில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன யூஜின் ஹூட்ரி என்ற பொறியியலாளர் 1950களிலேயே கார்களுக்கு இதைச் செய்துவிட்டார். ஆனால் அந்த நாளைய பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் ஊக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். அதனால் 1975இல்தான் அமெரிக்கக் கார்களில் பரவலாக வந்தது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது.

இனி ஒரு தோழியின் கதை. பெயர் சொல்ல வேண்டாம் என்றாள், கதையைச் சொல் என்றாள். எட்டாம் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். கணவர் இல்லை. பாவித்த ஜப்பான் கார் ஒன்றை வாங்கித் தானே ஹயருக்கு ஓட்டுகிறாள். அந்த உழைப்பில்தான் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒருநாள் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. கராஜில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, கொன்வேட்டர் போய்விட்டது என்றார்கள். நகையை அடகு வைத்து, பாவித்த கொன்வேட்டர் ஒன்றைப் போட்டாள். எட்டு மாதத்தில் அதே விளக்கு. மறுபடி மாற்ற வேண்டும், அல்லது வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயை ஒட்டிவிடலாம் என்றார்களாம்.

போன வருடம் அம்மாவின் நினைவுத் திருப்பலிக்கு வந்திருந்த எனக்கு அழுதுகொண்டே போன் எடுத்தாள். என் ஸ்கேனரைப் போட்டேன். பி0420 இருந்தது. கொன்வேட்டரின் செயற்றிறன் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். கொன்வேட்டருக்கு முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு ஒட்சிசன் சென்சர் இருக்கும். முன்னால் இருப்பதன் வாசிப்பு ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் இருப்பது ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். பின்னால் இருப்பதும் சேர்ந்து ஆடினால் உள்ளே வேலை நடக்கவில்லை. அவளுடைய காரில் இரண்டும் ஆடின.

ஆனால் கீழே இன்னொரு குறியீடும் இருந்தது, பி0302. இரண்டாம் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. முதல் குறியீட்டோடு வாசிப்பை நிறுத்தியவர்கள் இதைப் பார்க்கவில்லை.

கொன்வேட்டர் தானாகச் சாவது குறைவு. யாராவது அதைக் கொல்கிறார்கள். தீப்பொறி வராத சிலிண்டரிலிருந்து பெற்றோல் எரியாமல் வெளியேறி, கொன்வேட்டருக்குள் போய் எரிகிறது. சூடு 1000 பாகையைத் தாண்டினால் பூச்சு கெடும், இன்னும் ஏறினால் தேன்கூடே உருகி அடைத்துவிடும். தேய்ந்த எஞ்சின் எரிக்கிற ஒயில், தலைக் கஸ்கெற் கசிந்து உள்ளே வருகிற றேடியேற்றர் தண்ணீர், மலிவு என்று பெற்றோலில் கலக்கிற மண்ணெண்ணெய் எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். அப்பா காலத்துக் காருக்குச் செய்ததை இன்றைய காருக்குச் செய்யாதீர்கள்.

இரண்டாம் சிலிண்டரின் கொயிலைக் கழற்றி மூன்றில் போட்டேன், மூன்றில் இருந்ததை இரண்டில் போட்டேன். ஏசியையும் போட்டு, மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பண்ணைப் பாலத்தால் போய் வந்தோம். (மேட்டில் ஏற்றிப் பார்க்கலாம் என்றால் யாழ்ப்பாணத்தில் மேட்டுக்கு எங்கே போவது?) திரும்பி வந்தபோது குறியீடு பி0303 ஆகியிருந்தது. கொயிலோடு குற்றமும் இடம் மாறிவிட்டது. கொயிலின் உடம்பில் மயிரிழை வெடிப்பு. சூடானால் மட்டும் மிஸ் அடிக்கிறது. அதன் விலை கொன்வேட்டர் விலையில் பத்தில் ஒன்றுகூட இல்லை. இரண்டு கொன்வேட்டரைக் கொன்றது அதுதான்.

கொயிலோடு நாலு பிளக்கையும் மாற்றினோம். புகை மட்டும் படிந்த கொன்வேட்டர் என்றால், காரணத்தைத் திருத்தி நீண்ட தூரம் சூடாக ஓட்டினால் சிலவேளை மீளும். இது மீளவில்லை. றப்பர் சுத்தியலால் தட்டியபோது உள்ளே கலகலத்தது. முன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி வைத்தேன். நிமிடத்துக்கு 2500 சுற்றில் சதுர அங்குலத்துக்கு 3 இறாத்தலுக்குக் கீழே இருக்க வேண்டியது, 5ஐத் தொட்டது. அடைப்புத்தான்.

புதியது வாங்க எங்கள் வகுப்புப் பிள்ளைகள் வட்டியில்லாமல் பணம் போட்டோம். வெறும் குழாய் போட நான் விடவில்லை. விளக்கு அணையாது, புகைப் பரிசோதனையும் சிக்கல், சரியாக ஒட்டாத இடத்தால் காபனோரொட்சைட்டு காருக்குள் வந்தால் மணமே தெரியாது. அந்தக் காரில் பாடசாலைப் பிள்ளைகள் போகிறார்கள்.

"முதல் கழற்றிய கொன்வேட்டர் எங்கே?" என்று கேட்டேன். "அவங்களே வச்சிருந்திட்டாங்கள்" என்றாள். உள்ளே இருக்கிற உலோகத்துக்காக ரொறன்ரோவில் இரவில் காருக்கு அடியில் படுத்து இதை அறுத்துத் திருடுகிறார்கள். எந்தப் பாகம் மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்குங்கள் தங்கைமாரே. கேட்கவும் வெட்கப்படாதீர்கள்: என்ன குறியீடு வந்தது, எத்தனை வந்தது, ஏன் கெட்டது? அந்த மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் ஓரிரு நாளில் காட்டலாம். மின்னி மின்னி எரிந்தால் அந்த நிமிடமே கொன்வேட்டர் வெந்துகொண்டிருக்கிறது. வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணையுங்கள். அழுகிய முட்டை மணம் வந்தாலும் ஒருக்கால் காட்டுங்கள்.

போன வாரம் வந்து இறங்கியதும் அவளுடைய காரைத்தான் முதலில் பார்த்தேன். பின் சென்சர் அசையாமல் நிற்கிறது. கடனில் இன்னும் இரண்டு தவணை இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு கார் வாசலில் நிற்கும், ஸ்கேனரும் கொண்டுவந்திருக்கிறேன். விளக்கு எரிகிற கார் வைத்திருப்பவர்கள் கூட்டிக்கொண்டு வாருங்கள்.