எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே: வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்குத் துணை தேடுதல்



தமிழ்மொழி குறித்து நாம் கூடும் அவைகளில் இலக்கியம் பேசப்படும், கலைச்சொல்லாக்கம் பேசப்படும், தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை பேசப்படும். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் சிறியதாகத் தோன்றலாம். தமிழ்ப்பள்ளியில் சேர்ந்து மூன்றாமாண்டை எட்டியும் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்க இயலாத பிள்ளைக்கு எங்கே, எவ்வகையில் துணை தேடுவது என்பதே அப்பொருள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அறிவியலும் கணிதமும் மூடிய நூல்களே. ஆதலால் இது தமிழ்ப்பாடத்தோடு நின்றுவிடும் சிக்கலன்று.

கிள்ளான் பள்ளத்தாக்கில் கல்விக்குத் துணைசெய்யும் மரபு நம்மிடம் நன்றாகவே வேரூன்றியுள்ளது. பிரிக்பீல்ட்ஸில் 1904ஆம் ஆண்டு எழுந்த விவேகானந்தா ஆசிரமம் தமிழ்க்கல்விக்கு இடமளித்தது. டாக்டர் எம். தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் இந்திய மாணவர் பலரைப் பல்கலைக்கழக வாயிலுக்குக் கொண்டு சேர்த்தது. கிள்ளானில் பிரத்தியேக வகுப்பு நடைபெறாத குடியிருப்பைக் காண்பது அரிது. ஆயினும் பிரத்தியேக வகுப்பு பெரும்பாலும் தேர்வுக்கான துணை. வாசிக்கத் தெரிந்த பிள்ளையை மேலும் உயர்த்துவது. வாசிப்பே கைகூடாத பிள்ளையை அங்கு அனுப்பினால், பள்ளியில் புரியாத பாடம் மாலையிலும் ஒருமுறை புரியாமற்போகும். எனவே துணையைத் தேடுவதற்குமுன், வாசிப்பு எந்த இடத்தில் தடைப்படுகிறது என்பதைக் கண்டறிதல் வேண்டும்.

அதைத் தமிழில் கண்டறியும் பொறுப்பு நம்முடையது. கல்வி அமைச்சு 2010ஆம் ஆண்டு லினஸ் எனப்படும் எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டத்தைத் தொடங்கி, முதல் மூன்றாண்டு மாணவரைச் சோதித்துப் பின்தங்கியோரை அடையாளங்கண்டது. அதன் எழுத்தறிவுச் சோதனை தேசியமொழிக்குரியது. பின்னர் ஆங்கிலமும் சேர்க்கப்பட்டது. தமிழ் வாசிப்பு அதன் அளவுகோலுக்குள் வரவில்லை. 2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வும் அகற்றப்பட்டது. அத்தேர்வு பிள்ளைகள்மீது ஏற்றிய சுமையை நாம் அறிவோம். ஆனால் ஆறாமாண்டு இறுதியிலேனும் ஒரு குறையை அது வெளிப்படுத்தியது. இன்று அப்பணி பெரும்பாலும் வகுப்பாசிரியரின் கண்ணையும் காதையும் நம்பியிருக்கிறது.

அக்கண்ணும் காதும் எவற்றைக் கவனித்தல் வேண்டும்? தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள் உள்ளன. அவற்றின் அடிப்படை உயிரும் மெய்யும் ஆய்தமுமாகிய 31 எழுத்துகளே எனினும், கண்ணுக்குத் தெரியும் வடிவங்கள் பல. 'கெ', 'கே', 'கை' என்பவற்றில் உயிரொலியின் குறி முன்னே நிற்கிறது. ஒலியோ பின்னே பிறக்கிறது. 'கொ', 'கோ' என்பவற்றில் குறி எழுத்தின் இருபுறமும் அமைகிறது. 'கு', 'சு', 'து', 'மு' ஆகியவற்றில் உகரக்குறி ஒரே வடிவம் கொள்வதில்லை. கன்னடம் வாசிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய எழுத்துமுறையில் எழுத்துகள் அனைத்தும் வசப்பட ஆங்கில நெடுங்கணக்கைக் காட்டிலும் நெடுங்காலம் பிடிக்கும் என்று காட்டியது. ஆகவே முதலாமாண்டிலேயே ஒரு பிள்ளையை 'மந்தம்' என முடிவுகட்டுதல் தகாது. மூன்றாமாண்டிலும் 'கெ'கர வரிசையில் நிற்கும் பிள்ளையை 'தானே சரியாகிவிடும்' என விட்டுவிடுதலும் தகாது.

பேச்சுவழக்கின் தாக்கத்தையும் பிரித்தறிய வேண்டும். 'வந்தது' என்று அச்சிட்டிருப்பதை 'வந்துச்சி' என வாசிக்கும் பிள்ளை எழுத்தைக் கூட்டிப் பொருளையும் உணர்ந்திருக்கிறது. அதற்கு வேண்டியது எழுத்துவழக்கின் பழக்கம். 'வந்தது' என்பதை 'வாத்து' என வாசிக்கும் பிள்ளையோ முதலெழுத்தைக் கண்டு ஊகிக்கிறது. அதற்கு வேண்டியது எழுத்து, ஒலிப் பயிற்சி. இரண்டையும் ஒரே சிவப்பு மையால் பிழையெனக் குறித்தால் இரு பிள்ளைகளுக்கும் துணை கிட்டாது.

நம் பிள்ளைகள் முதலாமாண்டிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளை வாசிக்கக் கற்கின்றனர். இதனைச் சுமையென்றே பலர் கருதுவர். தடையின் தன்மையை அறிவதற்கு இதுவே சிறந்த கருவியும் ஆகும். மூன்று மொழிகளிலும் சில எழுத்துகள், சில எளிய சொற்கள், ஒரு சிறு பத்தி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் பிள்ளையைத் தனியே வாசிக்கச் செய்யலாம். இந்தியாவில் 2005 முதல் நடைபெறும் ஏசர் மதிப்பாய்வு ஏறத்தாழ இவ்வாறே எழுத்து, சொல், பத்தி, கதை என்னும் படிகளில் பிள்ளைகளைச் சோதிக்கிறது. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்களே போதும். தமிழில் மட்டும் தடுமாற்றமெனின், தமிழ் எழுத்தைப் போதிய அளவு கற்கவில்லை என்பதே முதல் ஐயம். மலாயில் மட்டும் எனின், அம்மொழியின் சொற்கள் பழகவில்லை எனலாம். மூன்றிலும் எழுத்தும் ஒலியும் இணையவில்லை எனின், டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு உண்டா என ஆராய வேண்டும். மொழியை மாற்றுவதால் அக்குறைபாடு நீங்குவதில்லை. தமிழை விடுத்து வேறு பள்ளியில் சேர்த்தால் பிள்ளை வாசித்துவிடும் எனப் பெற்றோரிடம் கூறுமுன் இதனை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

டிஸ்லெக்சியா அறிவுக்குறைவன்று. 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், கூர்த்த அறிவிருந்தும் வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கப்பட்டது. வெள்ளைக்கோலுடன் சாலையைக் கடப்பவருக்குக் கைகொடுக்க அவ்வட்டாரத்தில் எவரும் தயங்குவதில்லை. எழுத்து கண்ணுக்குத் தெரிந்தும் ஒலியாக மாறாத பிள்ளைக்கோ, 'சோம்பேறி' என்னும் பெயரே பல வேளைகளில் கிடைக்கிறது.

இனி, பெற்றோருக்கு நாம் கூறவேண்டிய வழிமுறை. முதலில் கண்ணையும் காதையும் சோதித்தல் வேண்டும். ஒரு மூக்குக்கண்ணாடியோடு தீரும் சிக்கல்களும் உண்டு. அடுத்து, பள்ளியின் குறைநீக்கல் ஆசிரியரை அணுகுதல். அவ்வகுப்பில் எம்மொழியின் வாசிப்பு கவனிக்கப்படுகிறது என்று கேட்பது பெற்றோரின் உரிமை. பின்னரும் முன்னேற்றமில்லையெனில், அரசாங்கக் கிளினிக் வழியாக மருத்துவமனையின் குழந்தைநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் பெறலாம். கிள்ளான் வட்டாரத்தார்க்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை அருகிலுள்ளது. கோலாலம்பூரில் மலேசிய டிஸ்லெக்சியா சங்கம் இத்தகைய பிள்ளைகளுக்கென்றே வகுப்பு நடத்துகிறது. மருத்துவர் குறைபாட்டை உறுதிசெய்தால், சமூகநலத் துறையில் பதிந்து மாற்றுத் திறனாளி அட்டை பெறலாம். கற்றல் குறைபாடு அப்பதிவின் வகைகளுள் ஒன்று. பதிவு கட்டாயமன்று. அட்டை பெற்றால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என அஞ்சும் தாய்மாரிடம், அது உதவிக்கான திறவுகோலேயன்றித் தகுதிச் சான்றிதழன்று என எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமை.

இவ்வழியில் காத்திருப்பும் அலைச்சலும் உண்டு. அதுவரை பிள்ளை சும்மா இருக்கலாகாது. தேவைப்படும் பயிற்சி எளியது: நாள்தோறும் இருபது நிமிடம்; ஒரு நாளில் ஒரே உயிர்க்குறி; கேட்டல், சொல்லல், கூட்டல், எழுதல் என்னும் வரிசை; கற்ற எழுத்துகளால் மட்டும் ஆன சொற்கள்; முடிவில் பிள்ளை வெற்றியுடன் வாசித்து முடிக்கும் ஒரு வரி. வாரத்தில் ஒருநாள் இரண்டு மணிநேரம் அமர்த்துவதைவிட இதுவே பயன்தரும். தமிழ்நாட்டு அரசு 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலைவேளையில் பிள்ளைகளின் குடியிருப்புக்கே சென்று கற்பித்தனர். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் கிள்ளான் தாமான்களிலும் இதனை நாம் செய்ய இயலாதா? கோயில் மண்டபம் உண்டு. பயிற்சி ஆசிரியர் உண்டு. ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் உண்டு.

இங்கு அமர்ந்துள்ள மாணவர்களிடம் நாங்கள் ஒன்று வேண்டுகிறோம். அடுத்த பள்ளிப் பயிற்சிக்குச் செல்லும்போது, வகுப்பின் கடைசி வரிசையில் நூலைத் திறந்து வைத்து உதட்டை மட்டும் அசைக்கும் பிள்ளையைத் தேடுங்கள். சேர்ந்து வாசிக்கும் ஓசையில் அது மறைந்திருக்கும். தனியே அழைத்து வாசிக்கச் செய்யுங்கள். எந்த எழுத்தில் நின்றது எனக் குறித்து வையுங்கள். அக்குறிப்பைக் குறைநீக்கல் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சேருங்கள். அப்பிள்ளைக்கான துணை அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்கும்.