ஆய்வும் பழங்குடி மக்களின் குரலும்

மக்கள் நலனுக்காக நடத்தப்படும் ஆய்வுகளில் அம்மக்களின் கருத்துக்கு இடம் உண்டா என்னும் வினா, மாணவர்களும் அலுவலர்களும் ஒருங்கே சிந்திக்கத்தக்கதாகும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பழங்குடியினர் 10 கோடிக்கு மேற்பட்டோர்; மக்கள் தொகையில் 8.6 சதவீதத்தினர். இவர்களிடம் இரத்த மாதிரி கேட்டவர் பலர்; முதலில் தீர்க்க வேண்டிய இன்னல் எதுவெனக் கேட்டவர் சிலரே.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம், கோண்டு முதலிய பழங்குடியினர் வாழும் காட்டுப் பகுதி. மருத்துவர்களான அபய் பங், ராணி பங் தம்பதியர் 1980-களின் நடுவில் அங்குப் பணி தொடங்கினர். அரிவாள் அணு இரத்தசோகை அங்குப் பரவியிருப்பதை அவர்களது ஆய்வு நிறுவியது. ஆயினும் மக்கள் அதில் நாட்டம் கொள்ளவில்லை. அது ஆய்வாளரின் தேவையேயன்றித் தங்கள் தேவையன்று என்பதே அவர்தம் நிலை.

அதன்பின் மக்களைக் கேட்டே பணிகள் வகுக்கப்பட்டன. பெரிய மருத்துவமனைக் கட்டடங்களும், உறவினரை உடனிருக்க விடாத விதிகளும் தங்களை அச்சுறுத்துவதாக அவர்கள் கூறினர். எனவே புதிய மருத்துவமனை பழங்குடிச் சிற்றூரைப் போலக் குடில்களாக அமைந்தது. அவர்கள் வழிபடும் தந்தேசுவரி அன்னையின் பெயரையும் பெற்றது.

பச்சிளங்குழந்தைகளைக் காக்கும் முயற்சியிலும் இந்நெறியே பின்பற்றப்பட்டது. 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களே பயிற்சி பெற்று, வீடுதோறும் சென்று சிசுக்களைப் பேணினர். 1000 பிறப்புக்கு 62 ஆக இருந்த பச்சிளங்குழந்தை இறப்பு, மூன்றாம் ஆண்டில் ஏறத்தாழ 25 ஆகக் குறைந்தது. 1999இல் 'லான்செட்' இதழ் இம்முடிவுகளை வெளியிட்டது. 2011இல் ஆஷா பணியாளர் வாயிலாக இம்முறை நாடு தழுவிய திட்டமாயிற்று.

மக்கள் நாட்டம் கொள்ளாமையால் ஒரு நோய் சிறிதாகிவிடாது. அரிவாள் அணு இரத்தசோகையை 2047க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023இல் தொடங்கியது; ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. சோதனைச் சீட்டு கைக்கு வந்து மருந்து வாராவிடில், அடுத்த முறை எவரும் கை நீட்டார். நோக்கத்தை அவர்தம் மொழியில் முன்னரே விளக்குதலும், அவர்கள் மறுப்பின் அதை மதித்தலும், கண்ட முடிவை ஊர்க்கூட்டத்தில் தெரிவித்தலும் ஆய்வின் கடமைகளாகும். கேட்டறிதல் சலுகையன்று, திட்டத்தின் முதற்படி.