போர்வையும் புத்தகங்களும்



திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகத்தின் கடைசி அதிகாரத்தில், சிறையிலிருக்கும் பவுலடியார் சில சாமான்கள் கேட்கிறார். துரோவாவில் கார்ப்பிடம் விட்டுவந்த போர்வை வேண்டும், நூல்கள் வேண்டும், முக்கியமாகத் தோல் சுருள்கள் வேண்டும். குளிருக்குப் போர்வை சரி. சாவு நெருங்கிவிட்டதென்று அறிந்தவருக்குப் புத்தகம் எதற்கு?

பிலமோனுக்கு எழுதிய திருமுகத்தைப் பாருங்கள். அதுவும் சிறையில் பிறந்ததுதான், 25 வசனங்களே. தம் விடுதலையைப் பற்றி முடிவில் ஒரு வார்த்தை சொல்கிறார். மற்றதெல்லாம் ஒனேசிமு என்ற அடிமைக்காகப் பரிந்து பேசுவது.

நம் நாட்டு வ.உ.சிதம்பரனாரை எடுத்துக்கொள்வோம். 1908இல் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் இழுத்த செக்கைத் தெரியாத பள்ளிப் பிள்ளை இல்லை. அதே சிறைக்காலத்தில் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் நூலை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழாக்கினார் என்பதை எத்தனை பேருக்குச் சொல்லித் தருகிறோம்? தம்மை அடைத்தவர்களின் மொழியில் இருந்தாலும் நல்லது நல்லதுதான் என்று அவர் எண்ணியிருக்கிறார். பின்பு கண்ணூர்ச் சிறையில், உடனிருந்த கைதிகளுக்கு நல்வழி சொல்ல ‘மெய்யறம்’ எழுதினார். 125 அதிகாரங்கள். மாணவர் கடமையில் தொடங்கி இல்லறம், அரசு என்று விரிகிறது. குற்றவாளிகள் என்று ஊர் ஒதுக்கியவர்களை மாணவராக உட்காரவைத்த நூல் அது! 1912 டிசம்பரில் விடுதலையானார். நூல் 1914இல் அச்சானது.

அவர் உள்ளே எழுதிக்கொண்டிருந்தபோது, வெளியே மனைவி மீனாட்சி அம்மாள் குழந்தைகளை வைத்துக்கொண்டு வழக்குக்காக அலைந்தார். அந்த அலைச்சலை யாரும் நூலாக்கவில்லை. நம் காரைக்கால்மேட்டுத் தாய்மாருக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எல்லை தாண்டினார்கள் என்று பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருக்கும் பிள்ளைகளுக்காக நம் கரையோர மக்கள் எத்தனை முறை அதிகாரிகளின் வாசலில் நின்றிருக்கிறார்கள்! அதற்காவது ஊர் கூடுகிறது. அடிதடி வழக்கிலோ சாராய வழக்கிலோ உள்ளே போனவன் வீட்டுக்கு நாம் போவதில்லை. அவன் மனைவி பூசைக்கு வந்தாலும் கடைசி வரிசையில் நிற்கிறாள். பிலிப்பி நகரச் சபையார் அப்படி இருக்கவில்லை. பவுலுக்கு உதவிப் பொருளோடு எப்பப்பிரோதித்துவை அனுப்பினார்கள். போனவர் சாகும் அளவுக்கு நோயுற்றார்.

ஆகஸ்ட் மாதம் இரண்டாம் ஞாயிறு சிறைப்பணி ஞாயிறு. அதுவரை காத்திராமல், இந்த வாரமே அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குப் போய் உட்காருவோம். உள்ளே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்போம். போர்வை கேட்கலாம். படிக்க ஒரு புத்தகமோ, எழுத ஒரு நோட்டோ கேட்கலாம். சிறை விதிகள் அனுமதிக்கிறபடி, அடுத்த மனு நாளில் கொடுத்தனுப்புவோம்.