வீட்டுக்கும் வளவுக்கும் ஏற்ற மின்கலக் கருவிகள்



ஈர்க்குமாறு மணலில் வரியிட்டுச் செல்லும் ஓசையோடுதான் பல இல்லங்களில் பொழுது புலர்கிறது. அந்த ஓசைக்குப் பின்னால் ஒரு முதுகு வளைகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இளமையில் வளைந்த முதுகு உடனே நிமிர்ந்துவிடும். அறுபதைக் கடந்தபின் அது அவ்வளவு எளிதில் நிமிர்வதில்லை. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ, பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் பெருகியுள்ள இக்காலத்தில், வீட்டையும் வளவையும் துப்புரவாக வைத்திருப்பது எவ்வாறு என்பது சிறிய கேள்வியன்று.

இக்கேள்விக்கு விடையென இன்று கடைகளில் நிரம்பியிருப்பவை மின்கலத்தால் இயங்கும் கருவிகள். சுவரிலிருந்து மின்வடத்தை இழுத்துச் செல்ல வேண்டியதில்லை. பெற்றோல் ஊற்றிக் கயிறு இழுக்கவும் வேண்டியதில்லை. எனினும், வாங்கிய கருவி மூலையில் கிடக்க, பழைய தும்புத்தடியே வேலை செய்யும் வீடுகளும் உண்டு. பிழை பெரும்பாலும் கருவியில் இல்லை, தெரிவிலேயே இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் ஒரு வீட்டை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். நான்கு பரப்பு வளவு. அதாவது ஏறக்குறையக் கால் ஏக்கர். மூன்று அறைகள், ஒரு விறாந்தை, பின்னால் கிணறு. முன்புறம் இரண்டு மாமரம், ஒரு வேம்பு, சுற்றிவரக் கிளுவை வேலி. அங்கே அறுபத்தேழு வயதுத் தாய் தனியே வாழ்கிறார். மகன் கனடாவில் இருக்கிறான். தூசி உறிஞ்சி, சருகை ஊதித் தள்ளும் கருவி, புல்வெட்டி, வேலி கத்தரிக்கும் கருவி, மரம் அரியும் சங்கிலிவாள் என ஐந்து கருவிகளை அனுப்ப எண்ணித் தொலைபேசியில் அவன் பட்டியலை வாசிக்கிறான். தாயின் மறுமொழி மிகச் சுருக்கமானது: "தம்பி, எனக்கு உதெல்லாம் வேண்டாம். குனியாமல் கூட்ட ஒண்டு இருந்தால் காணும்."

தெரிவு பற்றிய முதலாவது பாடம் அந்த மறுமொழியிலேயே இருக்கிறது. மகன் கருவியிலிருந்து தொடங்குகிறான்; தாய் வேலையிலிருந்து தொடங்குகிறார். வேலையை அளந்த பின்னரே கருவியை நாட வேண்டும்.

இக்கருவிகளின் வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. தூசியை உறிஞ்சும் பொறியை 1901ஆம் ஆண்டில் இலண்டனில் ஹியூபேர்ட் செசில் பூத் என்னும் பொறியியலாளர் அமைத்தார். அது குதிரை வண்டியில் வந்து வீதியில் நிற்க, நீண்ட குழாய்கள் மட்டும் யன்னல் வழியே வீட்டினுள் நுழைந்தன. மின்கலத்தால் இயங்கும் துளைகருவியை 1961இல் பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம் சந்தைக்குக் கொணர்ந்தது. பத்தாண்டுகளின் பின், 1971இல், அப்பலோ 15 பயணத்தின்போது விண்வெளி வீரர்கள் மின்கலத் துளைகருவியால் நிலவின் மண்ணைத் துளைத்தனர். ஆயினும் இல்லங்களில் நெடுநேரம் உழைக்கும் வலிமை அக்கால நிக்கல் கட்மியம் மின்கலங்களுக்கு வாய்க்கவில்லை. 1991இல் சோனி நிறுவனம் இலிதியம் அயன் மின்கலத்தை விற்பனைக்குக் கொணர்ந்த பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. அம்மின்கலத்தை உருவாக்கிய அறிஞர் மூவர்க்கு 2019ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. தூசி உறிஞ்சியும் துளைகருவியும் முன்னரே இருந்தன. வீட்டு வேலைக்குப் போதிய மின்கலமே பிந்தி வந்தது. ஆகவே இத்தகைய கருவியை வாங்குவோர் முதலில் வாங்குவது மின்கலத்தையே எனலாம்.

மின்கலத்தின்மீது இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று வோல்ற்று, மற்றையது அம்பியர் மணி. இரண்டையும் பெருக்கினால் வருவது வாற்று மணி. மின்கலத்தில் எவ்வளவு வேலை சேமிக்கப்பட்டுள்ளது என்பதைக் காட்டும் எண் அதுவே. 18 வோல்ற்று, 4 அம்பியர் மணி உடைய மின்கலத்தில் 72 வாற்று மணி உண்டு. 36 வோல்ற்று, 2 அம்பியர் மணி உடையதிலும் அதே 72தான். வோல்ற்று இரட்டிப்பாக இருப்பதனால் மட்டும் அது இரு மடங்கு நேரம் உழைத்துவிடாது.

விளம்பரத்தில் மயங்கத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு கடையில் 18 வோல்ற்று என்றும் மற்றொரு கடையில் 20 வோல்ற்று என்றும் கூறுவர். இரண்டினுள்ளும் பெரும்பாலும் ஐந்து கலங்களே தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு கலத்தின் வழமையான அளவு 3.6 வோல்ற்று, ஐந்துக்குமாக 18. முழுதாக மின்னேற்றிய வேளையில் ஒவ்வொரு கலமும் 4 வோல்ற்றைச் சற்றுத் தாண்டி நிற்கும். அந்த வேளையைக் கணக்கிற்கொண்டு 20 என எழுதுகின்றனர். எனவே அந்த இரண்டுக்காக மேலதிகப் பணம் கொடுப்பது வீண்.

இனித் தூசி உறிஞ்சியை நோக்கலாம். அதிலே இலேசான விசை, உச்ச விசை என நிலைகள் இருக்கும். உச்ச விசையில் 400 வாற்று உண்ணும் கருவிக்கு மேற்சொன்ன 72 வாற்று மணி பதினொரு நிமிடமும் போதாது. 120 வாற்றில் ஓடினால் அதே மின்கலம் 36 நிமிடம் தாங்கும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் உள்ள நேரம் பொதுவாக இலேசான விசைக்கு உரியது. உச்ச விசைக்குரிய நேரத்தைத் தனியே கேட்டறிதல் வேண்டும். மூன்று அறையையும் விறாந்தையையும் கூட்ட எவ்வளவு நேரம் செல்கிறது என்பதை ஒருநாள் மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டால், தேவையான மின்கலத்தின் அளவு தானே தெரியவரும்.

அதனிலும் முக்கியமானது பாரம். கைபிடியருகே மோட்டரும் மின்கலமும் அமைந்த கருவியின் பாரம் முழுவதையும் மணிக்கட்டே சுமக்கும். அதைப் பயன்படுத்தப்போகும் மூதாட்டியே கடைக்குச் சென்று, ஐந்து நிமிடம் கையிலே பிடித்து, முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பது நன்று. மகனுக்கு இலேசானது தாய்க்கும் இலேசானதாக இருக்க வேண்டுமென்பதில்லை. விசையைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்க வேண்டிய கருவி, மூட்டுவாதம் உள்ள விரல்களுக்குத் தண்டனையாகும். ஒருமுறை தட்டினால் ஓடுவதே அவர்களுக்கு உகந்தது.

யாழ்ப்பாணத்துச் செம்மண் தூசியும் சாமியறைத் திருநீறும் மிக நுண்ணியவை. வடியை விரைவில் அடைத்துவிடும். ஆதலால் கழுவக்கூடிய வடியுள்ள கருவியே ஏற்றது. கழுவிய வடியைக் குறைந்தது ஒரு நாளேனும் உலரவிட வேண்டும். ஈரத்தோடு பூட்டினால் மோட்டர் கெடும். சாம்பிராணித் தணலையோ சூடான சாம்பலையோ ஒருபோதும் உறிஞ்சலாகாது. நீரை உறிஞ்சவும் சாதாரண கருவி ஏற்றதன்று.

வளவுக்கு வந்தால் பட்டியலில் உள்ள கருவிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தீர்ப்புக் கிடைக்கும்.

சருகை ஊதும் கருவி புற்றரையும் கற்பாதையும் உள்ள நாடுகளில் பெரிதும் வழங்குவது. பெற்றோலில் இயங்குபவற்றின் இரைச்சலையும் புகையையும் தாங்காது அமெரிக்கத் தலைநகரான வாசிங்டனில் 2022ஆம் ஆண்டு முதல் அவற்றுக்குத் தடை விதிக்கப்பட்டது. மின்கலக் கருவி அங்கே அவற்றின் இடத்தைப் பெறுகிறது. ஆனால் மணல் முற்றத்தில் அது சருகோடு மண்ணையும் கிளப்பும். கூட்டிய விறாந்தை மீண்டும் தூசி படியும். மழையில் நனைந்து மண்ணோடு ஒட்டிய மாவிலையை அது எளிதில் அசைக்கமாட்டாது. இந்த வளவுக்கு நீண்ட காம்புள்ள குப்பைவாரியே போதும். வாரிய சருகை மரத்தடியில் பரப்பினால் கோடையில் மண்ணின் ஈரம் காக்கப்படும். மழைக்காலத்தில் பீலியில் சருகு அடைத்து நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். அதனை அகற்றுவது கையாலோ துறட்டியாலோ ஆகும் வேலை. ஏணியில் நின்று அதைச் செய்வது மூதாட்டிக்கு ஆகாது; அதற்கு ஓர் ஆளை அமர்த்துவதே முறை.

புல்வெட்டியோ பயனுள்ளது. சுழலும் நைலோன் நாணால் புல்லை அறுக்கும் கருவியை 1971இல் அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரில் ஜோர்ஜ் பலாஸ் என்பவர் கண்டுபிடித்தார். மோட்டார் வண்டிகளைக் கழுவும் சுழல்தூரிகையே அவருக்கு அவ்வெண்ணத்தை ஊட்டியது. வேலியோரமும் கிணற்றைச் சுற்றியும் மாரிக்குப்பின் மண்டும் புல்லை நிமிர்ந்து நின்றே வெட்ட அது உதவும். நாண் கல்லில் பட்டால் கல் சிதறிப் பாயும். கண்ணாடிக் காப்பும் மூடிய பாதணியும் இன்றி அதை இயக்கலாகாது.

வேலி கத்தரிக்கும் கருவி இளந்தளிருக்கு ஏற்றது. விரற்பருமனுக்கு மேற்பட்ட கிளுவைக் கதியாலை அது கடிக்கமாட்டாது, கத்தியே வேண்டும். ஆண்டில் இரண்டொரு முறை செய்யும் வேலைக்கு ஒரு தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலி, கருவியின் விலையிலும் குறைவாக இருக்கக்கூடும். சங்கிலிவாள் பழகாத கைக்கு உரியதன்று. மின்கம்பியருகே கிளை வெட்ட எவரும் அதை எடுத்துச் செல்லுதல் தகாது.

இவ்வாறு ஐந்து இரண்டாகக் குறைந்தது. அந்த இரண்டையும் ஒரே நிறுவனத்திடம், ஒரே மின்கலம் இரண்டிலும் பொருந்துமாறு வாங்கினால், ஒரு மின்னேற்றியும் இரண்டு மின்கலமும் போதும். ஒரு நிறுவனத்தின் மின்கலம் மற்றொன்றின் கருவியில் பொதுவாகப் பொருந்தாது. மின்கலம் சில நூறு தடவை மின்னேற்றியபின் வலுக் குறையும். பயன்படுத்தாமல் வைத்தாலும் மெல்ல மெல்ல முதுமையடையும். ஆகவே, "நான்கு ஆண்டின் பின் இதற்குப் புதிய மின்கலம் இங்கே கிடைக்குமா? பழுதுபார்ப்பவர் எங்கே?" என்னும் இரு கேள்விகளுக்கும் கடைக்காரரிடம் விடை பெறுதல் வேண்டும். மோட்டரைப் பொறுத்தவரை, தேயும் கரித்தூரிகை இல்லாத வகை விலை கூடியதாயினும் மின்னைச் சிக்கனமாக உண்டு நெடுநாள் உழைக்கும்.

வெளிநாட்டிலிருந்து அனுப்புவோர் கவனிக்க வேண்டியவையும் உண்டு. கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, இலங்கையில் 230. அங்குள்ள மின்னேற்றியின் பின்புறத்தில் "100–240" என்று பொறித்திருந்தால் மட்டுமே அதனை இங்கே பயன்படுத்தலாம். 120 என்று மட்டும் இருந்தால், செருகியின் வடிவை மாற்றும் சிறு துணைக்கருவி அதைக் காப்பாற்றாது, மின்னேற்றி கருகிவிடும். விமானப் பயணத்தில் தனி மின்கலங்களைப் பெரிய பொதியில் வைக்கக்கூடாது. முனைகளை மூடிக் கைப்பையில் கொண்டுவர வேண்டும். 100 வாற்று மணிக்கு மேற்பட்டால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160ஐத் தாண்டினால் பயணி கொண்டுவரவே இயலாது. 18 வோல்ற்று, 5 அம்பியர் மணியுடையது 90 வாற்று மணி, அனுமதி வேண்டியதில்லை. 6 அம்பியர் மணியுடையது 108, அனுமதி வேண்டும்.

பாதுகாப்பையும் மறத்தலாகாது. இலிதியம் மின்கலம் வெப்பத்துக்குப் பகை. சித்திரை வெயிலில் தகரக் கொட்டிலில் அதை வைத்தல் கேடு. வீட்டினுள் நிழலான இடத்தில், எரியும் பொருட்களுக்கு அப்பால், ஒருவர் விழித்திருக்கும் வேளையில் மின்னேற்ற வேண்டும். நெடுநாள் பயன்படுத்தாதிருப்பின் பாதியளவு மின்னோடு வைத்தல் நலம். வீங்கிய அல்லது கீழே விழுந்து வெடித்த மின்கலத்தை மீண்டும் மின்னேற்றலாகாது. பழுதானதைச் சருகுக் குவியலோடு சேர்த்து எரிப்பது பேராபத்து; இலத்திரனியல் கழிவைப் பொறுப்பேற்போரிடமே கையளிக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டில் ஒரு நாளிற் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டதை இந்நாட்டவர் அறிவர். மின் வந்த வேளையில் நிரப்பி வைத்த மின்கலம் மின் இல்லா வேளையிலும் உழைத்தது உண்மை. ஆனால் நாள் முழுதும் மின்னே வராவிடின் அதுவும் ஓயும். அந்நாளில் எந்த வீட்டுக்கும் ஒரு தும்புத்தடி வேண்டும்.

அந்தத் தாயின் வீட்டில் ஈற்றில் இரண்டு கருவிகளே வந்து சேரும்: இலேசான தூசி உறிஞ்சி ஒன்று, புல்வெட்டி ஒன்று. மிஞ்சிய பணத்தில் வேலி அடைக்கவும் பீலி துப்புரவு செய்யவும் ஆண்டுக்கு இருமுறை அயலூர்த் தொழிலாளி ஒருவர் வருவார். விறாந்தையை நிமிர்ந்து நின்றே கூட்டி முடித்த அம்மூதாட்டி, முற்றத்தை மட்டும் குப்பைவாரியால் ஆறுதலாக வாரிவிட்டு, வேம்பின் நிழலில் அமர்ந்து மகனின் அழைப்புக்குக் காத்திருப்பார். அன்று அவருடைய முதுகைப் பற்றி மகன் கவலையுடன் கேட்க வேண்டியிராது.