வீடு தேடுவோர் அறிய வேண்டுவன
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிழைப்பின் பொருட்டுச் சென்னையிற் குடியேறி, வாழ்நாட் சேமிப்போடு இருபதாண்டுக் கடனையும் சேர்த்து வீடு வாங்க முனைவோர் நம்முட் பலர். அவர்கள் முதற்கண் நாடுவது கைபேசியில் உள்ள வீட்டு விளம்பரத் தரவுத்தளத்தையே. பகுதி, விலை, பரப்பு, படுக்கையறைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்த அளவிலே வீடுகள் வரிசையாய் வந்து நிற்கின்றன. தரகர் பின்னே பல நாள் வெயிலில் அலைந்து காண்பதைச் சில நிமிடத்திற் காட்டும் இக்கருவியை யாம் பழித்தற்கில்லை. ஆயினும் அது காட்டாதன எவை என்பதை அறிந்த பின்னரே பணத்தை எடுத்தல் வேண்டும்.

முதலாவது, இட்ட வரம்பை அது இம்மியும் கடவாது. 50 இலட்சம் என்று வரம்பிட்டால், 51 இலட்சம் சொல்லிப் பின் 48-க்கு இசையக்கூடியவரின் வீடு மறைந்துபோம். மூன்று அறை கேட்டவர் கண்ணுக்கு, விசாலமான கூடமுடைய இரண்டறை வீடு புலப்படாது. பரப்பு என்னும் சொல்லிலும் மயக்கம் உண்டு. வீட்டினுள் நாம் புழங்கும் தரைப்பரப்பு இன்னதென்று 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் வரையறுத்துள்ளது. விளம்பரங்களிலோ, மாடிப்படி, நடைவழி முதலிய பொதுவிடங்களின் பங்கையும் கூட்டி எழுதுவாருளர். ஆகவே, 1000 சதுர அடி என்று ஒருபடித்தாய்த் தோன்றும் இரு வீடுகளுள் ஒன்று மிகச் சிறியதாயிருத்தல் கூடும்.

இரண்டாவது, சில செய்திகளுக்கு அங்கே இடமே இராது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி, முடிச்சூர், கோட்டூர்புரம் ஆகிய இடங்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. 2019 கோடையிலோ பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ வற்றிப்போக, நகரத்தார் குடத்துடன் லாரியை எதிர்நோக்கி நின்றனர். ‘நீர் வசதி உண்டு’ என்னும் ஒரு குறிப்பு இவ்விரண்டில் எதனைத் தெரிவிக்கும்? பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்னும் பெயர்களைத் தரவுத்தளம் எழுத்துப் பிழையின்றிக் காட்டும். தாங்கல் என்பது சிற்றேரியைக் குறிக்கும் சொல் என்று சொல்லாது. அப்பெயரால் மட்டும் ஓர் ஊரைத் தள்ளுதல் தகாது. ஆனால் மழைநீர் எவ்வழி ஓடுகின்றது என்று வினவுதற்கு அப்பெயரே போதிய காரணமாம்.

மூன்றாவது, அரசாங்கப் பதிவேடு. வில்லங்கச் சான்றை இக்காலத்தில் இணையத்திலேயே பெறுகிறோம். அது நாம் கேட்ட ஆண்டுகளுக்குள் பதிவான பத்திரங்களையே காட்டும். பதிவு செய்யப்படாத உயிலும், வாய்மொழியாய்ச் செய்துகொண்ட பாகப்பிரிவினையும், கையெழுத்திடாத வாரிசின் உரிமையும் அதிற் காணப்படா. ஆதலின் தாய்ப்பத்திரம் முதலாக யாவற்றையும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பின்னரே முன்பணம் கொடுத்தல் நலம்.

எனவே, கருவியைத் தொடக்கமாக மட்டும் கொள்ளுங்கள். வரம்பைச் சற்று விரித்துத் தேடுங்கள். பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, பெருமழைக்கு மறுநாள் ஒருமுறை அத்தெருவிற்குச் செல்லுங்கள். மளிகைக் கடைக்காரரையும் துணி தேய்ப்பவரையும் கேளுங்கள். அவர்களுக்கு அவ்வீட்டை விற்பதால் ஆவது ஒன்றுமில்லை.

இனிச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம்முள் ஒருவர் தம் தெருவைப் பற்றி வினவினால், வெள்ளம் புகுந்ததையும் கிணறு உவர்த்ததையும் ஒளியாது கூறுங்கள். விற்பவர் நமக்கு உறவினராயினும், அவர் மனம் நோகுமே என்று வாளாவிருத்தல் அறமாகாது. வாங்குபவரும் நம்மவரே, அக்குறையோடு ஆயுள் முழுதும் வாழப்போகின்றவர் அவரே. தரவுத்தளம் சொல்லாததைச் சொல்ல வல்லவர் அங்கு வாழ்கின்றவரேயன்றோ?