கடற்கரையை அடையும் வழி

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடற்கரை யாருடையது என்று கேட்டால், பொதுமக்களுடையது என்று எவரும் தயங்காமல் கூறுவர். கடல் ஏறி இறங்கும் மணற்பரப்பு அரசுக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயின் அம்மணலை அடையும் பாதை எவருடைய நிலத்தின் வழியே செல்கிறது? பின்னாலுள்ள நிலம் முழுவதும் தனியாரிடம் இருந்து, அடுத்தடுத்து வேலி எழுந்துவிட்டால், பொதுச் சொத்து என்பது பெயரளவில்தான் நிற்கும். கடலோர மனையின் விலையில் பெரும்பகுதி கடலால் வருவது. கடலை எவரும் விற்கவில்லை. பொருளியல் பயில்வோர் இதைக் கருத வேண்டும்.

கோவாவில், தோனா பவுலாவை அடுத்த வைங்கினிம் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். அங்கு ஒரு விடுதிக்காக அரசே நிலம் எடுத்துக் கொடுத்தது. கடற்கரைக்குச் செல்லும் வழி பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது உடன்பாட்டின் நிபந்தனை. பின்னர் அவ்வழியை மறித்துக் கட்டடம் எழுந்தது. இயற்கை வளங்களுக்கு அரசு மக்கள் சார்பில் அறங்காவலரே என்ற கோட்பாட்டை வலியுறுத்தி, 2009 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மக்களின் உரிமையை உறுதி செய்தது. அதே ஆண்டில் மாநிலம் நில எடுப்புச் சட்டத்தைத் திருத்தியது. 2016இல் அத்திருத்தம் செல்லும் என்றும் தீர்ப்பாயிற்று. எழுத்தில் நிபந்தனை இருந்த இடத்திலேயே இந்நிலை எனில், வழக்கத்தால் மட்டும் நிலவும் ஒற்றையடிப் பாதைகளின் கதியை எண்ணிப் பாருங்கள்.

விதிகள் இல்லாமலில்லை. 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தின் தொடர்ச்சியாக, 1991 பிப்ரவரி 19இல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளிவந்தது. இரு விடுதிகளுக்கு இடையே குறைந்தது 20 மீட்டர் அகல இடைவெளி விட வேண்டும். இடைவெளிகள் ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குக் குறைவான தொலைவில் அமையலாகாது என்கிறது அது. 2011, 2019 அறிவிக்கைகளிலும் இவ்விதி தொடர்கிறது. இதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். 500 மீட்டர் என்பது கீழ் எல்லை. மேல் எல்லை எதுவும் கூறப்படவில்லை! இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு வழி விட்டாலும் விதி மீறப்பட்டதாகாது. மேலும் இது விடுதிகளைப் பற்றியது. வரிசையாக நிற்கும் தனி வீடுகளைப் பற்றியதன்று.

பொழுதுபோக்க நடப்பவருக்குச் சுற்றுவழி சிறு தொல்லைதான். ‘ரம்பொன்’ என்னும் கரைவலையை இழுக்கும் கோவா மீனவர் நிலை வேறு. வலையின் இரு முனைகளையும் கரையில் நின்று இழுக்க அவர்களுக்கு நீண்ட மணல் வேண்டும். மீன் கெடுமுன் கூடைகளைச் சாலைக்குச் சேர்க்கக் குறுக்குவழி வேண்டும். ஒவ்வொரு வேலியும் அவர்கள்மீது விழும் கூலிச் செலவு. அச்செலவை விடுதியின் கணக்கில் எவரும் எழுதுவதில்லை.

ஆகவே பாதைகள் முதலில் வரைபடத்தில் ஏற வேண்டும். 2011 அறிவிக்கை கிராம நில அளவை வரைபட அளவில் கடலோர வரைபடங்களைத் தயாரிக்கச் சொல்கிறது. மக்கள் நடக்கும் ஒவ்வொரு வழியையும் அதில் புல எண்ணுடன் குறித்துவிட்டால், கட்டட அனுமதி கோரும் மனுவை அதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. கட்டடம் எழுந்தபின் இடிக்க முயல்வதைவிட இது எவ்வளவோ மலிவு.

கள ஆய்வுக்குச் செல்லும் அலுவலர்களுக்கு ஒன்று கூறுவேன். ஒரு முறையாவது ஜூலையில் செல்லுங்கள். மேற்குக் கரையில் பருவமழைக் காலத்துக் கடல் மணலின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அப்போது கரையோரம் நடப்பவர் வேலியை ஒட்டித்தான் நடந்தாக வேண்டும். கோடையில் அகன்று கிடக்கும் மணலைக் கண்டு ‘வழி போதுமானது’ என்று எழுதிய குறிப்பு அம்மாதங்களுக்குப் பொருந்தாது.